ஆடுகளமும் அங்காடியும்

சென்ற மாதம் ஒருநாட் பிற்பகல், எங்கள் கல்லூரி மலரின் அச்சுப்படிகளைத் திருத்துவதற்காகப் புதுக்கடையிலுள்ள அச்சகமொன்றுக்குச் சென்றிருந்தேன். நீதிமன்றங்கள் கலைந்து, கறுப்பு அங்கியைக் கையில் மடித்துக்கொண்டு சட்டத்தரணிகள் வெளியேறும் வேளை அது. தெருவோரத் தேநீர்க்கடையில் ஓர் இளைஞன் எழுந்து நின்று, "ஐயா, என்னை நினைவிருக்கிறதா?" என்றான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நன்னூல் கற்றவன். இப்போது அயலிலுள்ள வணிக நிறுவனமொன்றில் இலிகிதனாயிருக்கிறான். அவன் அணிந்திருந்த சட்டையின் மார்பில், 'நாம் ஓர் அணி' என்னும் பொருள்பட ஆங்கில எழுத்துக்கள் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தன.

"எந்த ஆட்டக்குழுவிற் சேர்ந்திருக்கிறாய், தம்பி?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான், சிரிப்பிற் சிறிது கசப்பு இருந்தது. அவனுடைய நிறுவனம் ஊழியரையெல்லாம் ஒரு சனிக்கிழமை கடற்கரை விடுதியொன்றுக்கு அழைத்துச் சென்றதாம். பயிற்றுநர் ஒருவர் வந்து, 1996 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை நம் நாட்டணி வென்ற படத்தைக் காட்டினாராம். எல்லாரையும் கயிறு இழுக்கச் செய்தாராம்; கைகோத்துக் கூவச் செய்தாராம். ஆளுக்கொரு சட்டையும் வழங்கப்பட்டதாம்.

"சனிக்கிழமை முழுதும் எங்களை ஓர் அணி என்றார்கள், ஐயா. திங்கட்கிழமை மழையிற் பேருந்து தாமதித்து, ஆறு நிமிடம் பிந்தி வந்தேன். அரைநாட் சம்பளத்தை வெட்டிவிட்டார்கள். சட்டையை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை" என்றான்.

நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. இச்சட்டையின் கதை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. விளையாட்டை உவமை காட்டி ஊழியரை ஊக்கும் வழக்கம் இன்று எங்கும் பெருகியிருக்கிறது. அதை நான் பழிக்கவில்லை. உவமை நல்ல உவமையே. ஆயினும், உவமைக்கும் பொருளுக்கும் பொதுத்தன்மை வேண்டும் என்பது அணியிலக்கணத்தின் முதற்பாடம். களத்திலிருந்து ஆரவாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, களத்துக்கு உயிராயுள்ள நீதியைக் களத்திலேயே விட்டுவிட்டு வந்தால், அந்த உவமை பிழைத்துவிடுகிறது. இக்கட்டுரையில் நான் சொல்ல எடுத்துக்கொண்டது இவ்வொன்றே.

தமிழாசிரியனாகிய நான் சொல்லிலிருந்துதான் தொடங்க இயலும். ஊக்கம் என்ற சொல்லை நாம் மனவெழுச்சி என்ற பொருளில் வழங்குகிறோம். திருக்குறளில் 'ஊக்கமுடைமை' என ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் 'ஊக்குதல்' என்னும் வினைக்குப் பழைய பொருளொன்று இருக்கிறது. ஊசலில் இருப்பவரைப் பின்னின்று அசைத்து ஆட்டிவிடும் செயலைக் கலித்தொகை இச்சொல்லாற் குறிக்கிறது. ஊசலாட்டிய அனுபவமுள்ளோர் இதன் நுட்பத்தை அறிவர். ஊசல் பின்வந்து நிற்கும் கணமறிந்து மெல்லத் தள்ளவேண்டும். எதிர்வரும் வேளையில் தள்ளினால் ஆட்டம் தடைப்படும். மிகையாகத் தள்ளினால் இருப்பவர் விழுவார். கயிறும் பலகையும் உறுதியாயிருக்கின்றனவா என்று முதலிற் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அறுந்த கயிற்றிற் கட்டிய ஊசலை எவ்வளவு பாடி ஊக்கினாலும் பயனில்லை. வணிக நிலையங்களில் நடக்கும் ஊக்குவிப்பெல்லாம் பெரும்பாலும் இத்தகையது. பாட்டு இருக்கிறது, கயிற்றை யாரும் பார்ப்பதில்லை.

களத்தில் அந்தக் கயிறு எவ்வாறு முறுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். முதலில், நம் பெண்பிள்ளைகள் பாடசாலைகளில் ஆடும் வலைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அணிக்கு 7 பேர். களம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருத்தியும் தன் நிலையைக் காட்டும் எழுத்தை அணிந்துகொண்டு, தனக்கு விதித்த பகுதிக்குள்ளேயே இயங்கவேண்டும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாகாது. 3 விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் ஆகாது. களத்தின் ஒரு முழுப் பகுதியை எவருடைய கையும் படாமற் பந்து கடந்துசென்றால் அதுவும் தவறு. ஆகவே, தன் பக்கத்து வலையடியிற் பந்தைப் பறித்தவள் எவ்வளவு வல்லவளாயினும், அது பல கைகள் மாறியே மறுபக்கம் சேரவேண்டும். வளையத்துட் பந்தை இடும் உரிமை இருவருக்கே உண்டு. மூன்று பகுதிகளிலும் ஓடித்திரிந்து ஆட்டத்தைத் தொடுத்துத் தருபவள் நடுநிலை ஆட்டக்காரி. அவளோ வலையடி வட்டத்தினுட் காலடி வைக்கவே கூடாது. களமெங்கும் ஓடிக் களைப்பவள் ஒருபோதும் கோல் போட முடியாதவள்! இந்த விதியைப் படைத்தவர் மனித உழைப்பின் இயல்பை நன்கு அறிந்தவராயிருத்தல் வேண்டும்.

நமது யாழ்ப்பாணத்துக் கிளித்தட்டும் இத்தகையதே. ஒவ்வொருவனும் தன் குறுக்குக் கோட்டையே காக்கவேண்டும். 'கிளி' ஒருவனே நடுக்கோட்டில் ஓடலாம். ஒருவன் தன் கோட்டை மறந்து பக்கத்தவனின் வெற்றியிற் பங்கு கொள்ள விரைந்தானாயின், அவன் விட்ட இடைவெளியாலே எதிரணி முழுவதும் கடந்துவிடும்.

நம் நாட்டு வலைப்பந்தாட்ட அணியில் தர்ஜினி சிவலிங்கம் என்னும் யாழ்ப்பாணத்து மகள் விளங்கியதை யாவரும் அறிவர். 6 அடி 10 அங்குல உயரம். 2019 இல் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிகளில் 348 கோல்களை இட்டு, அத்தொடரில் எவரையும் விட முன்னின்றவர். 2018 இலும் 2022 இலும் சிங்கப்பூரில் நம் அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அதில் அவரும் ஒருவர். அவருடைய உயரத்தை வியந்து எழுதினோர் பலர். ஆனால் அந்த 348 பந்துகளையும் யாரோ ஒருத்தி அவர் கைக்கு எட்டும் உயரத்தில், எதிரியின் கைக்கு எட்டாத இடத்தில், எறிந்துகொடுத்தாள் அல்லவா? அவளை எழுதியவர் சிலரே. எனினும் அணியினுள் அவளை அறியாதார் இலர். தர்ஜினியும் அறிவார். அணி அணியாயிருப்பது அந்த அறிவினாலேயே.

இனி அங்காடிக்கு வருவோம். புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில், பொருளை விற்றவருக்கு விற்பனைக்கேற்ற தரகு உண்டு. ஆண்டிறுதியிற் பரிசும் படமும் உண்டு. அந்தப் பொருளைப் பழுதில்லாமற் காத்த களஞ்சியப் பொறுப்பாளருக்கு என்ன உண்டு? நெரிசலில் வண்டியோட்டிச் சென்று நேரத்துக்குச் சேர்ப்பித்த சாரதிக்கு, மூட்டை சுமந்த நாட்டாமைக்கு, இரவிருந்து கணக்கைச் சரிபார்த்த இலிகிதருக்கு என்ன உண்டு? அவர்கள் வட்டத்தினுட் கால்வைக்க முடியாதவர்கள். கோல் போட்டவருக்கே எல்லாம் என்றால், மறுமாதம் எல்லாரும் வட்டத்துக்குள் நுழையவே முயல்வர். பந்தை எறிந்துகொடுக்க ஆள் இராது. பின்பு முதலாளி, "ஒற்றுமை இல்லையே" என்று வருந்தி, பயிற்றுநரை அழைத்துக் கயிறு இழுக்கச் செய்வார்.

அந்தப் பயிற்றுநர் காட்டிய 1996 ஆம் ஆண்டுப் படத்தையே மீண்டும் நோக்குவோம். அத்தொடர் முழுதும் புகழ் பெற்றவர்கள் தொடக்கத் துடுப்பாட்டக்காரராகிய சனத் ஜயசூரியவும் ரொமேஷ் களுவிதாரணவும். மார்ச் 17 ஆந் தேதி லாகூரில் நடந்த இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் எடுத்திருக்க, இவ்விருவரும் முறையே 9, 6 ஓட்டங்களோடு திரும்பிவிட்டனர். அதன்பின் அசங்க குருசிங்க 65. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. தலைவர் அர்ஜுன ரணதுங்க ஆட்டமிழக்காமல் 47. மூன்றே விக்கெட்டுகளை இழந்து வென்றனர். வழக்கமாகச் சுமப்பவன் இடறிய நாளில் மற்றவன் சுமந்தான்; இடறியவனை எவரும் ஏசவில்லை. படத்திற் கிண்ணம் தெரிகிறது, இது தெரிவதில்லை.

இடறியவனை எவ்வளவு காலம் பொறுப்பது என்ற கேள்வி எழும். மாவன் அத்தபத்து 1990 இல் முதன்முதலாக டெஸ்ட் போட்டியில் ஆடினார். அவருடைய முதல் ஆறு இன்னிங்ஸுகளின் ஓட்டங்கள் இவை: 0, 0, 0, 1, 0, 0. ஆறு வாய்ப்புகளில் ஓர் ஓட்டம்! இடையிடையே நீக்கப்பட்டார், உள்ளூரில் உழைத்தார், மீண்டும் அழைக்கப்பட்டார். பின்னாளில் 5,500 ஓட்டங்களைக் கடந்தார், ஆறு இரட்டைச் சதங்கள் அடித்தார், நாட்டணிக்குத் தலைவருமானார். அவரை நீக்கியதும் நியாயமே. மீளவும் அழைத்ததும் நியாயமே. அணியில் நீக்கம் உண்டு. ஆனால் நீக்கப்பட்டவனுக்குக் காரணம் தெரியும்; திரும்பி வரும் வழியும் தெரியும். வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று அதிகாரத்துக்குப் பெயரிட்டது, இன்ன வினைக்கு இன்னார் தகுவர் என ஆராய்ந்து ஆளும் முறைமையை எண்ணி. மூன்று மாதத்தில் இலக்கை எட்டாதவனை மறுநாள் வெளியேற்றும் நிறுவனம் வினையும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை.

தலைவனின் கடமையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1995 டிசெம்பர் 26 ஆந் தேதி, மெல்பேர்ண் மைதானத்தில், முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றதென நடுவர் பலமுறை கைநீட்டினார். முரளிதரனுக்கு அப்போது 23 வயது. பல்லாயிரவர் பார்த்திருக்க, ஓர் இளைஞனின் வாழ்வே முடிந்துவிட்டதுபோலத் தோன்றிய கணம் அது. தலைவர் ரணதுங்க அவரிடமிருந்து பந்தைப் பறிக்கவில்லை. மறுமுனைக்கு மாற்றி வீசச் செய்தார். 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் இன்னொரு நடுவர் அவ்வாறே செய்தபோது, தன் அணியினரை மைதானத்தின் விளிம்புவரை அழைத்துச் சென்று நின்றார். அதற்காக ஒழுக்க விசாரணைக்கும் உள்ளானார். நடுவரோடு வாதிட்டமை தகுமா என்பதில் ஆசிரியனாகிய எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் தன் ஆட்டக்காரனின் துன்பவேளையில், தனக்கு வரும் தண்டனையைப் பாராது அருகில் நின்றமையிற் குறைகாண மாட்டேன். அப்போட்டியில் இங்கிலாந்தின் 302 ஓட்டங்களைக் கடந்து, ஒரே விக்கெட் எஞ்சியிருக்க நம் அணி வென்றது. முரளிதரன் 2010 ஜூலையில் காலியில் 800 ஆவது விக்கெட்டோடு ஓய்வுபெற்றார். அந்த இறுதிப் பந்தைப் பிடித்தவர் மஹேல ஜயவர்தன. டெஸ்ட் போட்டிகளில் முரளிதரன் வீச ஜயவர்தன பிடித்தவை 77. வீசியவன் பெயரும் பிடித்தவன் பெயரும் ஓட்டப்பதிவேட்டில் ஒரே வரியில் எழுதப்படுகின்றன என்பதை வணிகப் பதிவேடு எழுதுவோர் கவனிப்பார்களாக.

மேலே சொன்னவற்றுக்கெல்லாம் அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. களத்தில் தலைவன் வேறு, நடுவன் வேறு, ஓட்டம் பதிபவன் வேறு. விதியை ஆட்டத்தின் நடுவில் எவரும் மாற்றுவதில்லை. ஓட்ட எண்ணிக்கை யாவர் கண்ணுக்கும் தெரியப் பலகையில் நிற்கிறது. அங்காடியிலோ முதலாளியே தலைவர், முதலாளியே நடுவர், கணக்குப் புத்தகமும் அவர் பெட்டியில். உடைமையின் இயல்பு அது. அதை நான் குறைகூறவில்லை. ஆனால் மூன்று பதவியும் ஒருவரிடம் இருக்கும்போது, அவர் தம் கையைத் தாமே விதியாற் கட்டிக்கொள்ளாவிடின், எதிரிலிருப்பவர் ஆட்டக்காரராகார், வெறும் பந்தேயாவர். ஆறு நிமிடத் தாமதத்துக்கு அரைநாட் சம்பளம் வெட்டும் விதி, மாலையில் ஒரு மணிநேரம் கூடுதலாக வேலைவாங்கும்போது எங்கே போயிற்று? 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு நூற்றுக்கு 8, தொழில்தருநரின் பங்கு நூற்றுக்கு 12. இந்தப் பன்னிரண்டை மாதந்தோறும் ஒழுங்காகச் செலுத்தாமல் சட்டையில் 'நாம் ஓர் அணி' என்று பொறிப்பவர், விக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் துடுப்பெடுத்து ஆடுபவரேயாவர். வழக்குமன்றங்கள் நிறைந்த புதுக்கடையில் நின்று இதைச் சொல்வது பொருத்தமே. இருதிறத்தாரும் ஒரே விதிக்கு உட்படுவர் என்னும் நம்பிக்கையாலன்றோ மக்கள் அந்தப் படிகளில் ஏறுகின்றனர்?

இக்கருத்தை வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பரொருவரிடம் சொன்னேன். அவர் உடன்படவில்லை. "பண்டிதரே, ஆட்டக்காரனுக்குப் புகழ் உண்டு, ஆடும் ஆசை உண்டு. என் கடைப் பையன் ஆண்டில் முந்நூறு நாள் ஒரே அலுமாரியின் முன்னே நிற்கிறான். எனக்கோ வாடகை, வரி, மின்கட்டணம். உங்கள் நீதியெல்லாம் கிண்ணத்துக்கு ஆடுபவருக்குச் சரி. அரிசிக்கு ஆடுபவருக்கு ஆகுமா?" என்றார். நியாயமான தடை. உடனே விடைகூற முடியவில்லை.

ஆனால் பேச்சு வளர்ந்தபோது அவரே விடையைச் சொன்னார். 2022 இல் நாடு கடன் கட்ட முடியாமல் தத்தளித்த காலம், எரிபொருளுக்கு நெடுவரிசை, கடைக்கு வருவாரில்லை. நண்பர் தம் ஒன்பது ஊழியரையும் அமர்த்தி, கணக்குப் புத்தகத்தை அவர்கள் முன்னே விரித்தாராம். இவ்வளவு வரவு, இவ்வளவு கடன் என்று காட்டி, யாரையும் நீக்குவதா, எல்லாரும் குறைத்துக்கொள்வதா என்று கேட்டாராம். தாமும் உட்பட எல்லாரும் மூன்றில் இரண்டு பங்கே எடுப்பதென முடிவாயிற்று. வியாபாரம் மீண்டபின் நிலுவையைச் சிறுகச் சிறுகக் கொடுத்துவிட்டார். ஒன்பதின்மரில் ஒருவரும் விலகவில்லை. "அதற்கு எந்தப் பயிற்றுநரை அழைத்தீர்கள்?" என்று கேட்டேன். நண்பர் சிரித்துவிட்டார்.

அந்த ஆண்டிலேதான், செப்டெம்பர் 11 ஆந் தேதி, நம் நாட்டுக்கு ஒரே நாளில் இரண்டு ஆசியக் கிண்ணங்கள் வந்தன: ஒன்று சிங்கப்பூரில் வலைப்பந்தாட்டம், மற்றது துபாயிற் கிரிக்கெட். கிரிக்கெட் அணி அத்தொடரின் முதற்போட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 105 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணி. இறுதிப் போட்டியிலும் 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்திருந்தது. பின் 170 ஐ எட்டிப் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்றது. முதற்போட்டித் தோல்வியோடு அணியைக் கலைத்திருந்தால் இரண்டாவது கிண்ணம் வந்திராது. வறுமை ஊக்கத்தைக் கெடுக்கும் என்பர். என் நண்பரின் கடையையும் இக்கிண்ணங்களையும் சேர்த்து எண்ணும்போது, ஊக்கத்தை வறுமையினும் விரைவாகக் கெடுப்பது ஓரவஞ்சனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வணிகரை மட்டும் குற்றஞ்சாட்டி முடித்தல் நேர்மையன்று. பரிசளிப்பு விழாவில் முதலிடம் பெற்றவனை மேடையேற்றிக் கைதட்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. கடையிருக்கை மாணவனுக்குத் தன் குறிப்பேட்டைத் தந்து இரவெல்லாம் பாடஞ் சொன்ன பிள்ளைக்கு நாம் என்ன கொடுத்தோம்? தேநீர்க்கடையில் என்னை நிறுத்தியவன் அத்தகைய மாணவன். அவனால் தேறியவர் மூவரை நான் அறிவேன். அவன் பெயரை ஒரு விழாவிலும் நான் வாசித்ததில்லை. கோல் போட்டவரை மட்டும் காணும் கண்ணை அவனுடைய முதலாளி ஏதோ ஒரு வகுப்பறையிலேதான் பெற்றிருப்பார்.

பிரியும்போது அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்துக் காட்டினான், கடவுச்சீட்டுக்கான விண்ணப்பம். "சம்பளம் குறைவென்று போகவில்லை, ஐயா. நான் இல்லாவிட்டால் அங்கே ஏதாவது குறையுமா என்று எனக்கே தெரியவில்லை" என்றான். கொட்டாஞ்சேனைப் பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டான். கடல்கடந்து போகும் பிள்ளைகளெல்லாம் பணத்துக்காகவே போகின்றனர் என்று எண்ணியிருந்த எனக்கு, அன்று மாலை அச்சுப்படியில் மனம் செல்லவில்லை.

ஆதலால், அந்நிறுவனத்தாருக்கும் அவரை ஒத்தோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சனிக்கிழமை ஊழியரைக் கடற்கரைக்கு அழைக்க வேண்டா. வீட்டில் இளைப்பாற விடுங்கள். திங்கட்கிழமை அவர்களுக்குமுன் நீங்கள் வந்து வருகைப் பதிவேட்டிற் கையெழுத்திடுங்கள். பின் களஞ்சிய அறைக்குச் சென்று, சென்ற வாரம் விற்ற பொருளை எடுத்துக்கொடுத்தவர் யாரென்று கேட்டு, அவர் பெயரை விற்றவர் பெயருக்கருகில், ஒரே வரியில், உங்கள் கையாலேயே எழுதுங்கள்.